உப்புத்தண்ணி ஊசி

சென்னிமலை ஆண்டவன் மேல சத்தியமுங்க, இதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது. பொய்யின்னா எம் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். சிரிக்காதீங்க... இன்னும் ரெண்டு இருக்குது. கிட்ட வாங்க.

தொண்ணூத்தி நாலு, ஐப்பசி. ராத்திரி ரெண்டேகால் மணி. பீளமேட்டுல, மூடிக்கெடந்த மில்லுச் செவுரோரமா ஒத்தை மொபெட்டு போகுது. ஓட்டறவன் ஜெரோம். எங்க மச்சான் வேலுமணிக்கு உயிர்ச் சிநேகிதன். ஆஸ்பத்திரியில தலைக்கு ஒயர் ஒட்டி, மூளையோட ஓட்டத்தைக் காயிதத்துல எழுத வெக்கிற மிசினு அவன் பொறுப்பு. வலிப்புன்னா எட்டுப் பேனாவும் தாறுமாறா ஆடும். இல்லீன்னா ஒழுங்கா நெளிஞ்சுக்கிட்டுப் போகும்.

பக்கத்தூட்டுப் போன்ல கூப்புட்டது ஒரு பொம்பளைக் கொரல். "வலிப்பு வந்துருச்சு, வாங்கண்ணா." அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டான்.

ஒரு மாசம் முந்தி நடந்ததைச் சொல்லோணும். ஆஸ்பத்திரிக்கு வந்தா ஆனைமலைக்காரி மயிலாத்தாள். இடது கை வெட்டி வெட்டி இழுக்கும். புருசன் ரங்கராஜ், "நடிக்கறா"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தான். "நான் நடிக்கலைன்னு அந்தக் காயிதம் சொல்லுமுங்களாண்ணா?" ஜெரோம்கிட்ட அவ கேட்டது இதுதான்.

டாக்டரு அப்ப ஒரு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தாரு. எது மூளை வலிப்பு, எது மனசுல வர்ற வலிப்புன்னு பிரிக்கோணும். அதுக்கொரு ஊசி.

"என்ன மருந்துங்கண்ணா?"

"வலிப்பை வரவெக்கிற மருந்து, அம்மணி. பயப்படாத, நானிருக்கேன்."

டாக்டரு அப்படிச் சொல்லச் சொன்னாரு, சொன்னான். கையைப் புடிச்சுக்கிட்டே சொன்னான்.

ஊசி போட்டாங்க. கை இழுத்துச்சு. பேனா ஒழுங்கா நெளிஞ்சுது. டாக்டரு ரங்கராஜ்கிட்ட, "போட்டது வெறும் உப்புத்தண்ணிங்க. மூளையில கோளாறில்லை. ஆனா இது நடிப்பில்லை, மனசு படற பாடு"ன்னாரு. அவன் உப்புத்தண்ணிங்கற வார்த்தையோட காதை மூடிக்கிட்டான். அவளை ஆஸ்பத்திரிக் கேட்டுலயே உட்டுப்போட்டு பஸ் ஏறிட்டான்.

அவ ஜெரோமைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"உப்புத்தண்ணியாங்கண்ணா?"

பத்து நாள் கழிச்சு ரிப்போர்ட்டு வாங்க வந்த ரங்கராஜ், "அவ கெணத்துல உழுந்து செத்துப்போயிட்டா"ன்னான். புதுச் சட்டை போட்டிருந்தான்.

இப்ப ரோட்டுக்கு வாங்க. மில்லுச் செவுரு தாண்டறப்ப ஜெரோமுக்கு உதடு உப்புக் கரிச்சுது. தொடைச்சான்... மறுபடியும் உப்பு. ஆஸ்பத்திரியில வாச்சுமேன் அப்புசாமி, "ஆருங்க கூப்புட்டது? இங்க ஒருத்தருக்கும் வலிப்பில்லையே"ங்கறாரு.

மிசின் ரூம்பு பூட்டியிருக்குது. உள்ள... கிறிச்... கிறிச்... கிறிச்...

தொறந்தான். வெளக்கெண்ணெய் வாசம். மயிலாத்தாள் தலைக்கு வெச்சிருந்த அதே எண்ணெய். ஒயரெல்லாம் சும்மா தொங்குது. எட்டுப் பேனாவும் தாறுமாறா ஆடுது. காயிதம் முழங்கால் ஒசரம் குமிஞ்சு கெடக்குது. காதோரமா ஈரக் காத்து...

"உப்புத்தண்ணியாங்கண்ணா?"

அவன் இடது கை வெட்டி இழுத்துச்சு.

விடிஞ்சதும் அதே டாக்டரு, அதே மிசினு, ஜெரோம் தலையில ஒயரு. கை இழுக்குது. பேனா ஒழுங்கா நெளியுது.

"மூளையில ஒண்ணுமில்லை ஜெரோம்."

"சார், நான் நடிக்கலைங்க சார்!" கத்தினது வார்டு முச்சூடும் கேட்டுச்சாம்.

இன்னிக்கு வரைக்கும் அந்தக் கை நிக்கலை. சோத்துல உப்புச் சேக்கறதில்லை, மனுசன்.

மயிலாத்தாளுங்களா? அவ சாகவே இல்லீங்களே. சென்னிமலையில போர்வை மடிக்கிற வேலை. போன கிருத்திகைக்கு மலைப்படியில எனக்கு மோர் வாங்கிக் குடுத்தா... நல்லா உப்புப் போட்டு.