யோகேஸ்வரி பேரைச் சொன்னவர்கள்

— இருபத்தி மூணா? தாயி, கண்ணாடியத் தொடச்சுட்டு இன்னொருக்காப் பாரு. போன வருசம் வரைக்கும் நாலுதான்னு சொன்ன.

— கண்ணாடியெல்லாம் சுத்தமாத்தான் இருக்குப்பா. யோகேஸ்வரி எழுதுன அந்த ஒரே ஆராய்ச்சிக் கட்டுரைய, மத்தவுக தங்களோட கட்டுரையில எடுத்துச் சொல்லிருக்காக. மொத்தம் இருபத்தி மூணுன்னுதான் கம்ப்யூட்டர்ல காட்டுது. நீங்க மொதல்ல உக்காருங்க. அச்சங்குளத்துலருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்திருப்பீக.

— நின்னா என்ன, உக்காந்தா என்ன. ஏயப்பா! இருபத்தி மூணு! எம்மக செத்து நாலு வருசமாச்சு. சொந்தக்காரனே அவ பேரை மறந்துட்டான். எங்கனயோ இருக்கிறவன் சொல்லுறான் பாரு! இந்தா பிடி, சாத்தூர் காராச்சேவு.

— லைப்ரரிக்குள்ள திங்கக் கூடாதுப்பா. பிள்ளைகளையே நான் விட மாட்டேன்.

— நீதான லைப்ரரிக்காரி, ஒன்னிய யாரு கேக்கப்போறா? ஏன் செல்வலட்சுமி, ஹாஸ்டல்ல நீயும் அவளும் போர்வைக்குள்ள வச்சுத் தின்னது எனக்குத் தெரியாதாக்கும்.

— அதையும் சொல்லிட்டாளா கழுத.

— எல்லாஞ் சொல்லுவா. ஒன் செல்போனக் குடு. அச்சாபீசுல தருண்குமாரு காத்துக்கிட்டு இருக்கான். போஸ்டருல போட்டா, பேரு, தேதி எல்லாம் ஏத்திட்டானாம். நம்பர் போடுற எடம் மட்டும் காலியாக் கெடக்கு. 'உலகத்தில் இத்தனை அறிஞர்கள் உன் பெயரைச் சொல்கிறார்கள் மகளே.' ஊருல எல்லாவனும் அஞ்சலி போஸ்டருல கண்ணீர்த்துளி போடுவான். நான் நம்பர் போடுவேன், பாத்துக்க.

— இருங்கப்பா. போன் அப்புறம் பண்ணலாம்.

— அப்புறம் எப்ப? நாளைக்கு அவ நெனவுநாளு. விடியுமுன்ன பஸ் ஸ்டாப்புல ஒட்டியாகணும்.

— இந்த வருசம் நம்பர் வேண்டாமேப்பா. போட்டாவும் பேரும் இருந்தாப் போதாதா?

— நல்லாருக்கு நீ சொல்றது! நாலு இருந்தப்பப் போட்டேன், இருபத்தி மூணு ஆனப்பொறகு போட வேண்டாமா? சரி, வாசிச்சுக் காட்டு. ஒவ்வொரு வருசமும் ஒரு வரி தமிழ்ல சொல்லுவியே. அந்தப் பிரேசில்காரன் எழுதுனானே, 'பி. யோகேஸ்வரி காட்டியபடி'ன்னு. அந்தப் 'பி' நான்தான். பலவேசம். பத்தாங்கிளாஸ் தாண்டாதவன் பேரு கப்பல் ஏறிப் போயிருக்கு.

— எல்லாம் அதே மாதிரிதான்ப்பா. நெட்டு வேற இன்னைக்கு மெதுவா இருக்கு.

— நெட்டு மெதுவா இருந்தா ஒன் கை எதுக்குத் திரைய மறைக்குது? பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமுல முப்பது வருசமா போர்மேனா நிக்கேன். ஒருத்தி எதையாச்சும் மறைச்சா வாசல்லருந்தே கண்டுபிடிச்சிருவேன். என்னன்னு சொல்லு.

— சொல்றதைக் கேளுங்கப்பா. இந்த மிஷினுக்கு எண்ண மட்டுந்தான் தெரியும். பாராட்டிச் சொன்னாலும் ஒண்ணுன்னு எண்ணும். தப்புன்னு சொன்னாலும் ஒண்ணுன்னு எண்ணும்.

— யாரு தப்புன்னு சொன்னது?

— பழைய நாலு பேரு பாராட்டுனவுக. புதுசா வந்ததெல்லாம்... 'யோகேஸ்வரியின் முடிவு சரியல்ல'ன்னு மறுத்து எழுதிருக்காக. ஜெர்மனியில ஒருத்தர் ஆரம்பிச்சாரு. அதைப் பாத்துட்டு மத்தவுகளும் செஞ்சு பாத்திருக்காக. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கு.

— செத்தவ கிட்ட என்ன வீராப்பு அவனுகளுக்கு? எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா போறா?

— வீராப்பு இல்லப்பா. எல்லாரும் அவளை மரியாதையாத்தான் எழுதிருக்காக.

— என்ன பெரிய மரியாத! அப்பிடி என்ன தப்பாச் சொல்லிட்டா? பட்டாசு மருந்துல அந்த வெள்ளைப் பொடியக் கொஞ்சம் கலந்துட்டா, ராத்திரி பூராம் வச்சிருந்தாலும், ஈரக்காத்து பட்டாலும் மருந்து தானாச் சூடேறாது. அம்புட்டுத்தானே? சோத்துத் தட்டை முன்னால வச்சுக்கிட்டு எனக்கு வெளக்குனாளே. சோறு ஆறிப் போச்சு, பிள்ள பேசிக்கிட்டே இருக்கா.

— அவ சின்னக் கிண்ணத்துல, ஒரு கரண்டி மருந்தை வச்சுப் பாத்தா. அந்த அளவுக்கு அவ சொன்னது சரிதான். வாளி நெறைய வச்சா அப்பிடி இல்லையாம். உள்ள பெறக்குற சூடு வெளியேற வழி இல்லாமக் கூடிக்கிட்டே போகுதாம். பொடி போட்டிருந்தாலும் ஒரு ராத்திரி தாண்டுனாத் தானாப் பத்திக்கிடுமாம். பெரிய அளவுல செஞ்சு பாக்கணும்னு அவளே சொல்லிக்கிட்டு இருந்தாப்பா. அதுக்குள்ளதான் அந்தப் பாழாப்போன காய்ச்சல் வந்து... அப்பா? என்னப்பா, ஏன் ஒரு மாதிரி இருக்கீக? இந்தாங்க, தண்ணி குடிங்க.

— வாளி நெறையவா?

— ஆமாப்பா.

— யாரும் தொடாமலே?

— தொடவே வேண்டாமாம். ஏன் கேக்கீக?

— அப்ப அவ இழுக்கல. பொன்மணி வாளிய இழுக்கல.

— எந்தப் பொன்மணி? போன தீவாளி சீசன்ல ஒங்க கம்பெனியில வெடிச்சப்ப செத்துப் போனாளே, அவளா?

— அவதான். சாயங்காலம் மிச்ச மருந்தை அழிச்சிரணும், அதுதான் சட்டம். நான் அழிக்கல. ஆர்டர் நெருக்கிக்கிட்டு இருந்துச்சு. எம்மக சொன்ன பொடி போட்டிருக்கே, என்ன ஆயிரப் போகுதுன்னு வாளிய மூடி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அன்னைக்கு மட்டுமில்ல தாயி, அவ போனதுலருந்து அப்பிடித்தான். மத்த நாளு கொஞ்சந்தான் மிஞ்சும், அன்னைக்குத்தான் வாளி நெறைய. அந்தப் பொடியத் தூவும்போது பிள்ள பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி இருக்கும் எனக்கு. மறுநா காலையில பொன்மணி கதவைத் தொறந்து உள்ள போனா, வெடிச்சிருச்சு. பின்னால நின்ன, கூட வேலை பாத்த ரெண்டு பிள்ளைகளும் அவளோட போயிருச்சுக.

— ஐயோ.

— விசாரணையில கேட்டாக, தானாப் பத்திருக்குமான்னு. இல்லவே இல்லன்னேன். எம்மக ஆராய்ச்சி பண்ணிருக்கா, பாருங்கன்னு அவ கட்டுரையத்தான் நீட்டுனேன். பொன்மணி வாளியத் தரையோட இழுத்திருப்பா, ஒரசிப் பத்திருக்கும்னு சொன்னேன். அப்பிடியே எழுதிக்கிட்டாக.

— நீங்க வேணும்னா சொன்னீக? நம்பித்தானே சொன்னீக.

— நம்புனேன். எம்மக தப்புச் சொல்ல மாட்டான்னு நம்புனேன். அடுத்தவன் பொண்டாட்டி தப்புப் பண்ணிருப்பான்னும் நம்புனேன். அவ புருசன் இருளாண்டி இருக்கானே, இன்னைக்கு வரைக்கும் தலை நிமிந்து நடக்கல. செத்துப்போன பிள்ளைகளோட ஆத்தாமாரு தண்ணிக் குழாயடியில வச்சே கேக்காளுக, 'ஒம் பொண்டாட்டிதானே எங்க பிள்ளைகளக் கொன்னா'ன்னு. அவன் கொடத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருவான். ஒரு நா எங்கிட்ட வந்து, 'அண்ணே, அவ அப்பிடி இழுக்குறவளா? பச்சப் பிள்ளையத் தூக்குற மாதிரில்ல தூக்குவா'ன்னு அழுதான். 'இழுத்துட்டாப்பா'ன்னேன். கண்ணால பாத்தவன் கணக்கா.

— அப்பா, சொல்றதைக் கேளுங்க. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வெளிய சொன்னா ஒங்களைப் பிடிச்சு உள்ள போட்டுருவாக.

— போடட்டும்.

— யோகேஸ்வரி? அவளை நெனச்சுப் பாத்தீகளா? கல்யாணங்காட்சி பாக்காமப் போனவ. அவளுக்குன்னு இந்த ஒலகத்துல இருக்கிறது அந்த ஒரு கட்டுரைதான். ஜெர்மன்காரன் எழுதுனது நம்மூருல யாருக்கும் தெரியாது. நீங்க சொன்னா அச்சங்குளமே அவளைத் தூத்தும். எனக்கும் அவ கூட்டாளிப்பா. எனக்குத் தாங்காது.

— எனக்கு மட்டும் தாங்குமா? நெஞ்சு அத்துக்கிட்டுப் போகுது தாயி. அவ பேரை யாராச்சும் சொல்லணும்னு கோயில் கொளத்தை விட்டுட்டு ஒன் மிஷினு முன்னால வந்து நின்னேன். எத்தனை பேருன்னு மட்டுந்தான் கேட்டேன். பொன்மணி பேரையுந்தான் ஊரு சொல்லிக்கிட்டே இருக்கு. அதை எப்பிடிச் சொல்லுதுன்னு நான் ஒரு நாளாச்சும் கேட்டேனா? செல்லக் குடு.

— வேண்டாம்ப்பா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்.

— குடு தாயி. ஏலே தருண்குமாரு, நான்தாம்லே. நம்பர் வேண்டாம். அந்த வரியையே எடுத்துரு. ஆமாலே, எடுத்துரு. நான் சொல்றதை எழுதிக்க. 'பொன்மணி வாளியை இழுக்கவில்லை. மருந்து தானாகப் பற்றியது. என் மகள் யோகேஸ்வரி சொன்ன முடிவு தவறு. அதை நம்பி மருந்தை இரவில் வைத்தவன் நான். பழியைப் பொன்மணி மேல் போட்டவனும் நான். இப்படிக்கு, போர்மேன் பலவேசம்.' எழுதிட்டியா? என்னலே, என்ன ஆச்சுன்னா கேக்க? எனக்கு ஒண்ணும் ஆகல, புத்தியோடதான் சொல்லுதேன். போட்டாவா? எம்மக போட்டாவ எடுத்துரு. பொன்மணி போட்டாதான் போடணும். இருளாண்டி வீட்டுல இருக்கும். நானே போய்க் கேட்டு வாங்கிட்டு வாரேன். வச்சிருதேன்.

— அப்பா...

— அழாத. எல்லாரும் பாக்காங்க பாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், சொல்லு. இந்தப் போஸ்டருலயும் எம்மக பேரு வருதே. இதை ஒன் மிஷினு எண்ணுமா?

— எண்ணாதுப்பா. போஸ்டரெல்லாம் அதுக்குத் தெரியாது.

— அப்ப நீயாச்சும் எண்ணிக்க, தாயி. இருபத்தி நாலு.