சவுத்தாலுக்குப் போக இருந்த சுதன்

"சுதனைச் சவுத்தாலுக்குக் குடுத்திட்டு, அங்கயிருந்து ரெண்டு பேரை எடுப்பம், தம்பி."

தொண்ணூறுகளில் ஒரு திங்கட்கிழமை, லண்டனில் மோர்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் இப்படிச் சொன்னார். அவர் மடியில் ஒரு கூடைப்பந்து இருந்தபடியால்தான் அது சவுத்தால் குழுவோடு ஆள் மாற்றும் விளையாட்டுப் பேச்சென்று விளங்கியது. பக்கத்தில் இருந்தவர் இளையவர், மெலிந்தவர்.

"என்ன அண்ணை கதைக்கிறியள்? அவனை விட்டா எங்கட டீமில ஆர் இருக்கினம்? பந்து அவன்ர கையில ஒட்டிக்கொண்டெல்லோ நிக்குது."

"ஓம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. என்ர காலத்தில நானே அப்பிடி விளையாடினதில்லை. ஆனா நேற்றுப் பார்த்தனியோ? பாதியில தலைசுத்தி இருந்திட்டான். தோத்துப் போனம்."

"கந்தசஷ்டி விரதமெல்லோ. நாலு நாளா வெறும் பாலும் பழமும். அதோடயே பாதி ஆட்டத்தில இருபது புள்ளி எடுத்தவன்."

"ஆளெண்டா ஆள்தான். ஆனா மட்ச் நேரத்தில என்ன விரதம்? போன வருசம் பிடிக்கேல்லையே."

இளையவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவன். உங்கட முழங்கால் ஒப்பரேசன் சரிவந்தா ஆறு நாளும் பிடிக்கிறனெண்டு நேந்தவன்."

மற்றவர் பந்தை மடியில் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். இறங்கும் இடம் வந்ததும் எழுந்து மணியை அடித்தார்.

"அந்த ரெண்டு பேரும் வேண்டாமெண்டு சொல்லிவிடு."

அவர் இறங்கும்போது எந்தக் கால் என்று உற்றுப் பார்த்தேன். இரண்டையும் ஒரே மாதிரித்தான் ஊன்றினார்.