அழகுபாண்டி இருக்கிற எடம்

அய்ய, மொதல்ல அந்தக் கையக் கீழ எறக்குங்க பாஸ்டரு தம்பி. நான் ஜெபத்துக்கு வந்த ஆளு இல்ல. ஞானஸ்நானமும் வேணாம். வெள்ளச் சட்டையோட ஒருத்தன் உள்ள வந்தா ஒடனே தொட்டியில முக்கிறலாம்னு கெளம்பிருவீகளா? இது மார்க்கெட்டுக்குப் போட்டுட்டுப் போற சட்ட.

பேரு உக்கிரபாண்டி. சோழவந்தான், வெத்தலக் கொடிக்கால். இன்னும் தெரியலயா? அன்னக்கொடி புருசன். ம், அப்பிடிச் சொன்னாத்தேன் வெளங்குது. பொம்பளைக பக்கம் ரெண்டாவது வரிசையில, காத்தாடிக்கு நேர் கீழ ஒக்காந்து, நீங்க ஒரு வார்த்த சொன்னா ரெண்டு அல்லேலூயா போடுவாள்ல, அவதேன். அதுக்காக சோழவந்தான்லருந்து சமயநல்லூருக்கு வாராவாரம் வந்துக்கிட்டு இருந்தா.

எங்க ஆளயே காணோமா? கோரிப்பாளையத்துல ஒரு ஆஸ்பத்திரியில கெடக்கா. கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ மிசின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்ணுனா இன்னும் கொள்ள வருசம் ஓடும்ங்கிறாரு டாக்டரு. இவ கைய நீட்ட மாட்டேங்கிறா. நர்ஸ் புள்ள ஊசியக் கொண்டாந்தா கையச் சேலைக்குள்ள சுருட்டிக்கிட்டு சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறா. இப்பிடியே விட்டா இந்த வாரம் தாண்டாதுன்னுட்டாரு மனுசன்.

இல்ல இல்ல, விசுவாசத்துனால இல்ல. அதுக்குள்ள சந்தோசப்படாதீக. கர்த்தரு சொகம் தருவாருன்னு அவ வைத்தியத்த ஒதுக்கல. அது வேற கத, சொல்றேன், பொறுங்க. இப்ப ஒங்ககிட்ட எனக்கு ஆக வேண்டியது ஒண்ணே ஒண்ணு. என் வண்டியில பின்னாடி ஏறி ஒக்காருங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து அவ கட்டிலுக்குப் பக்கத்துல நில்லுங்க. நரகத்துக்கு ஒரு முடிவு இருக்கு தாயி, அங்க போனவன் என்னைக்காவது ஒருநா வெளிய வந்துருவான், அப்பிடின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அம்புட்டுத்தேன். நானே திருப்பிக் கொண்டாந்து விட்டுர்றேன்.

முடியாதா? ஏன்? வேதத்துல அப்பிடி இல்லையா?

சரி, ஒக்காருங்க. நானும் ஒக்காருறேன். இந்த டிரம்செட்டக் கொஞ்சம் நகத்துங்க, கால வைக்க எடமில்ல. ஏன் தம்பி, இந்தத் தகரக் கூரைக்குக் கீழ சித்திர வெயில்ல ஒக்கார வச்சு மூணு மணி நேரம் நரகத்தப் பத்திப் பேசுறீகளே, எதுக்கு அம்புட்டு வெளக்கம்? காத்தாடிய நிப்பாட்டிட்டு சும்மா இருந்தாலே சனத்துக்குப் புரிஞ்சு போகுமே.

நான் ஒண்ணும் வெறுங்கையோட வரல. கேக்க வேண்டிய எடத்துல எல்லாம் கேட்டுட்டுத்தேன் வாரேன். டவுனுக்குள்ள மாதா கோயில் ஃபாதரப் பாத்தேன். அவுகளுக்கு உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு இருக்காம்ல. துணிய வெள்ளாவி வைக்கிற மாதிரி கொஞ்ச காலம் வேக வச்சு, அழுக்கு போனதும் மேல அனுப்பி வச்சிருவாகளாம். பூசை வச்சா இன்னும் வெரசா நடக்குமாம். அட, இது நல்லாருக்கேன்னு எந்திரிச்சேன். கூப்புட்டு, அது வேற, நரகம் வேறப்பா, நரகத்துக்குப் போனா போனதுதேங்கிறாரு. அந்தக் கடேசி வார்த்தய நான் காதுல வாங்கல.

அப்பறம் வெள்ளக்காரன் காலத்துக் கல்லுச் சர்ச்சு ஐயரு. வயசான மனுசன். கண்ணாடியக் கழட்டுறாரு, தொடைக்கிறாரு, மாட்டுறாரு, மறுக்காக் கழட்டுறாரு. கடவுளோட எரக்கத்துக்கு நாம அளவு போடக் கூடாதுங்கிறாரு. அளவு ஒண்ணும் போட வேணாம்யா, முடிவு உண்டா இல்லையா, அதச் சொல்லுங்கன்னேன். காப்பி சாப்புடுறீகளாங்கிறாரு. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைக பொஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்குமே, அதுககிட்டயும் கேட்டேன். நரகம்னே ஒண்ணு கெடையாதாம். கெட்டவன் அப்பிடியே இல்லாமப் போயிருவானாம், அவன் கத அதோட முடிஞ்சிருமாம். அதப் போயி பெத்தவகிட்டச் சொல்ல முடியுமா?

ஒரே பொஸ்தகம், ஆளுக்கு ஒரு தீர்ப்பு. ஒங்களுது மட்டும் வேற அச்சாபீஸ்ல போட்டதா?

ஓஹோ. அவுக பூராம் வழி தப்புனவுக. நீங்க மட்டும் நேர் ரோட்டுல போறீக. ரொம்பச் சரி. பைபிள் காலேஜுல எத்தன வருசம் படிச்சீக? மூணு வருசமா. மூணே வருசத்துல முடிவில்லாத காலத்தப் பத்திப் படிச்சு முடிச்சிட்டீக. நான் பொறந்ததுலருந்து கொடிக்கால்ல நிக்கிறேன், நாளைக்கு எந்தக் கொடி அழுகும்னு எனக்குச் சொல்லத் தெரியல.

கேளுங்க, நான் ஒண்ணு சொல்றேன். எங்க சித்தப்பா மகன் முத்திருளன், ஒரு ஆள வெட்டிட்டு மதுர ஜெயிலுக்குப் போனான். ஆயுள் தண்டனைதேன். ஆயுள்னா என்ன, சாகுற வரைக்கும்னுதான அர்த்தம்? பதினஞ்சு வருசம் கழிச்சு ஒரு தலைவரு பொறந்தநாளுன்னு அவுத்து விட்டுட்டாக. இந்தா, இதே சமயநல்லூர்ல கறிக்கோழிக் கடை போட்டிருக்கான், போறவன் வாரவனுக்கெல்லாம் வணக்கம் வைக்கிறான். கேவலம் ஒரு கவருமெண்டுக்கு இருக்கிற மனசு கூட ஒங்க சாமிக்கு இல்லையா? அவருக்கு ஒரு பொறந்தநாள் இருக்குல்ல? ஊரெல்லாம் நட்சத்திரம் கட்டித் தொங்க விடுறீகளே, அன்னைக்காவது ஒருத்தன அவுத்து விடலாம்ல?

சிரிக்காதீக. நான் வெளையாட்டுக்குக் கேக்கல.

எங்க சாமியும் லேசுப்பட்டது இல்ல, ஒத்துக்கிறேன். எங்க கோயில் சொவத்துலயும் எண்ணெக் கொப்பரையில மனுசனப் போட்டு வறுக்கிற படம் இருக்கு. ஆனா வறுத்து முடிச்சதும் வெளிய எடுத்துப் போட்டு, போ, நாயாப் பொற, பன்னியாப் பொறன்னு அனுப்பி வச்சிருவாக. சட்டிய விட்டு எறக்கத் தெரியாதவன் சமையக்காரனா? அறுவது வருசம் தப்புப் பண்ணுனவனுக்கு அறுவது வருசம் குடுங்க. கோவமா இருக்கா, அறுநூறு குடுங்க. முடிவே இல்லன்னா அது தண்டனையா தம்பி, அது வக்கிரம். ஏழு எழுவது தடவ மன்னிக்கணும்னு மனுசனுக்குச் சொல்லிட்டு, தான் மட்டும் ஒரு தடவ கூட மாட்டேன்னா என்ன நாயம்?

ம், வசனம். எடுங்க, எடுங்க, வாசிங்க. அணையாத தீ, சாகாத புழு, தெரியும். அவ எனக்குப் பத்து தடவ வாசிச்சுக் காமிச்சிட்டா. எல்லாரையும் என்கிட்ட இழுத்துக்குவேன்னு ஒங்க கர்த்தரு சொன்னதும் அதே பொஸ்தகத்துலதான இருக்கு? காப்பிக்கார ஐயரு காட்டுனாரு. அதுக்கு என்ன சொல்றீக? அதுக்கு வேற அர்த்தமா. அதான, எரக்கமா ஏதாச்சும் சொல்லியிருந்தா அதுக்கு மட்டும் வேற அர்த்தம். தீ, புழு, பல்லுக்கடிப்புன்னு வந்தா அச்சு எழுத்துல இருக்கிற மாதிரியே நடக்கும்.

என் மகனத் தெரியும்ல? அழகுபாண்டி. தெரியாம என்ன, வாராவாரம் பாத்திருக்கீகளே. அம்மாவ வண்டியில கொண்டாந்து எறக்கி விட்டுட்டு, கூட்டம் முடியுற வரைக்கும் எதுத்தாப்புல டீக்கடையில நிப்பான்ல. உள்ள வா உள்ள வான்னு நீங்க கூப்புடுவீகளாம், அவன் டீ கிளாஸத் தூக்கிக் காமிச்சிட்டுச் சிரிப்பானாம். வெத்தல லோடு ஏத்திக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயி எறக்கிட்டு, ராத்திரி முழிச்ச கண்ணோட அவளக் கூட்டிக்கிட்டு வருவான். தை மாசம் நாலு வழிச் சாலையில லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டான். குடிச்சிருந்தான், இல்லைங்கல. இந்த டீக்கடைக்கும் இந்த வாசலுக்கும் நடுவுல ஒரு ரோடு. அந்த ரோட்டத் தாண்டலைன்னு என் புள்ள காலாகாலத்துக்கும் வேகணுமா?

அவனச் சொல்லலயா? பேரச் சொல்லலதேன். ஆனா காரியம் முடிஞ்சு அவ வந்த மொத ஞாயித்துக்கெழம, அந்தப் பணக்காரன் கதைய எடுத்தீகளா இல்லையா? வரிசைப்படி வந்த பகுதியா. நல்ல வரிச. எதுக்க எந்தத் தாய் ஒக்காந்திருக்கான்னு ஒரு நிமிசம் பாத்துட்டு, அடுத்த பக்கத்தப் பொரட்டியிருந்தா ஒங்க சாமி கோவிச்சுக்கிருமா?

பணக்காரன் தீயில கெடந்துக்கிட்டு அண்ணாந்து பாத்துக் கெஞ்சுறான். என் வாசல்ல பட்டினி கெடந்து செத்து மேல வந்த அந்தப் பிச்சக்காரன அனுப்பி, வெரல் நுனியத் தண்ணியில தொட்டு என் நாக்குல ஒரு சொட்டு வைக்கச் சொல்லுங்கங்கிறான். அதெல்லாம் முடியாது, நடுவுல பெரிய பள்ளம் கெடக்கு, மேல இருக்கிறவன் நெனச்சாலும் அங்க வர முடியாதுன்னு சொல்லிர்றாக. அந்தப் பள்ளம் எம்புட்டு அகலம்னு இந்தச் சொவத்துலருந்து அந்தச் சொவரு வரைக்கும் நீங்க நடந்து காமிச்சீகளாம். வீட்டுக்கு வந்து அப்பிடியே நடந்து காட்டுறா, அடுப்படியிலருந்து கொல்ல வரைக்கும். அன்னைக்குலருந்துதேன் ஒரு மாதிரி ஆயிட்டா.

பயமா? நரகத்துக்குப் பயந்துபோய்க் கெடக்கா, போயி தைரியம் சொல்லணும்னு நெனச்சீகளா? ஒங்களுக்கு அவளத் தெரியல. எனக்கே தெரியல, இம்புட்டு வருசம் குடும்பம் நடத்தி. பயம் மசுரும் இல்ல அவளுக்கு. அங்க போகணும்ங்கிறா.

ஆமா, நரகத்துக்குத்தேன். ஏன் அப்பிடி முழிக்கிறீக? நீங்க சொன்னத அவ ஒரு எழுத்து விடாம நம்புறா, அதான் வென. மேல போயிட்டா அவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க முடியாது, நடுவுல பள்ளம். அப்ப தாண்ட வேண்டிய பள்ளத்துக்கு அந்தப் பக்கமே போயி எறங்கிட்டா? எனக்குப் பரலோகம் வேணாம்யா, அவன் இருக்கிற எடத்துலயே நானும் இருந்துக்கிறேங்கிறா. தண்ணி கெடைக்காட்டி என்ன, பக்கத்துல ஆளு இருக்கேன்னு அவனுக்குத் தெரியும்லங்கிறா. நான் சொன்னேன், அடியே, நான்தேன் எப்பிடியும் அங்க போற ஆளு, நான் போயிப் பாத்துக்கிறேன், நீ மேல நிம்மதியா இருன்னேன். அவனுக்கு என்ன வேணும்னு ஒங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்குன்னு கேக்குறா.

அதுக்குத்தேன் ஒங்ககிட்ட இம்புட்டு நேரம் தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன். நரகத்துக்கு முடிவு இருக்குன்னா அவ எதுக்கு எறங்கணும்? அவன் வாரானான்னு மேல இருந்தே பாத்துக்கிட்டு இருப்பா. அதுவரைக்கும் இங்க என்கூட இருப்பா. நான் சொன்னா நம்ப மாட்டா, ஃபாதரு சொன்னா நம்ப மாட்டா. நீங்க போட்ட தீ, நீங்க சொன்னாத்தேன் அவளுக்கு அணையும். புள்ளயக் குடுத்துட்டேன். அவளையும் குடுத்துட்டு அந்த வீட்டுல நான் எப்பிடி ஒத்தையில கெடப்பேன், சொல்லுங்க.

எந்திரிச்சிட்டீகளா. சரி, வாங்க. பைபிளையும் எடுத்துக்கங்க, வெறுங்கையோட வந்தா நம்ப மாட்டா.

ஆனா ஒண்ணு, முன்னாடியே சொல்லிர்றேன். முடிவு உண்டா இல்லையான்னு நானாத்தேன் ஒங்ககிட்டக் கேட்டேன். அவ கேட்டுட்டு வரச் சொன்னது வேற. தன் உசுரத் தானா விட்டவுக நேரா நரகத்துக்குத்தேன்னு நீங்க ஒரு தடவ சொன்னீகளாம்ல? வெசம் குடிக்கிறது, கயித்துல தொங்குறது எல்லாம் அவளுக்கு வராதாம். இப்பிடி ஊசி போட்டுக்காம கெடந்து செத்தா அதுவும் அதுல சேருமா, அவன் இருக்கிற எடத்துக்கு இது போதுமான்னு, பாஸ்டரு தம்பிகிட்டக் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பி வச்சா.