மேக்கு பார்த்த கபுறு

ரொம்ப ரொம்ப முந்தி, நம்ம உப்பாத்துப்பட்டினத்துல மொகுதூம் மொகுதூம்னு ஒருத்தர் இருந்தாராம். ஊரு இதேதான், இப்ப நாம உக்காந்திருக்கோமே, இதே ஊருதான். ஆனா அப்ப கரன்டும் கெடையாது, தார் ரோடும் கெடையாது. கடல் மட்டும் இருந்துச்சு. மொகுதூம் கலியாணமே கட்டிக்கலை, புள்ளை குட்டி இல்லை. அதனாலதான் இந்தத் தெருவே அவரை எங்க பாட்டனாரு, எங்க பாட்டனாருன்னு சொந்தம் கொண்டாடுது. எதிர்த்துக் கேக்க வாரிசு இல்லைங்கிற தைரியம்!

அவருக்கு ஒரு கூட்டாளி, பேரு குத்துபு. ரெண்டு பேரும் ஒரே ஓதப்பள்ளி, ஒரே தட்டுல சோறு, ஒருத்தனை அடிச்சா ரெண்டு பேரும் அழுவாங்களாம். வயசு வந்ததும் ஒண்ணாவே வெள்ளைக்காரன் கப்பல்ல வேலைக்குப் போனாங்க. என்ன வேலை? கப்பலோட வயித்துக்குள்ள நின்னு அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுற வேலை.

கப்பல் போகுது. போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது. மேல இருக்கிறவன் கடலைப் பார்க்கிறான். கீழ இருக்கிற இவங்க நெருப்பைப் பார்க்கிறாங்க. கெழக்கு எது, மேக்கு எது, ஒண்ணும் தெரியாது. தொழுகை நேரம் வந்தா மேல ஏறி வருவாங்களாம். ஆளுங்களுக்குத் தலைவரு சாரங்கு. அவரு கையை நீட்டி, "இன்னிக்குக் கிபிலா இந்தப் பக்கம்டா"ம்பாரு. மக்கா இருக்கிற அந்தப் பக்கம் முகத்தை வச்சுத் தொழுதுட்டு மறுபடி உள்ள இறங்கிருவாங்க.

அப்படியே போயி வேல்சு சீமையில ஒரு துறைமுகத்துல இறங்கினாங்களாம். அந்த ஊரு பேரு நம்ம நாக்குல நிக்காது, விடுங்க. எங்க பார்த்தாலும் பனி. வீடும் பனிக்குள்ள, ஆளும் பனிக்குள்ள. எதிர்ல வர்றவன் குரல் முதல்ல வரும், அப்புறம் தொப்பி வரும், அப்புறம்தான் ஆளு வருவான்னு சொல்லுவாங்க. அந்தப் பனி குத்துபு நெஞ்சுல போயி உக்காந்துக்கிச்சு. கப்பல் இவங்களை விட்டுட்டுப் போயிருச்சு. கப்பக்காரங்க தங்குற ஒரு விடுதியில, மாடி அறையில, மொகுதூம் ராப்பகலா அவன் பக்கத்துலயே இருந்தாரு.

கடைசியில குத்துபு கையைப் பிடிச்சுக் கேட்டானாம்: "மச்சான், இந்த ஊருல நம்மளவங்க யாரும் இல்லையே. என் முகத்தைக் கிபிலாவுக்குத் திருப்பி வச்சிருவியா?"

"வைக்கிறேன்டா. நான் இருக்கேன்ல."

அது போதும்னு கண்ணை மூடிட்டானாம்.

அந்த ஊருல அதுக்கு முன்னாடி ஒரு முஸ்லிம் மய்யித்தும் மண்ணுல அடங்கினது இல்லை. எங்க வைக்கிறதுன்னு கேட்டா, ஊராபீசுக்காரங்க கல்லறைத் தோட்டத்துல வேலியோரமா ஒரு மூலையைக் காட்டினாங்க. மொகுதூமே குளிப்பாட்டி, மொகுதூமே கபன் துணி சுத்தி, தனியாளா நின்னு தொழுது கொண்டு போனாரு. குழி வெட்டுறவர் ஈவன்சுன்னு ஒரு கெழவரு. நல்ல மனுசன். மண்வெட்டியை ஊனிக்கிட்டு, "எந்தப் பக்கம்டா முகம் பார்க்கணும்?"னு சாடையில கேட்டாரு.

பங்குனி மாசம். சாயங்காலம். பனிக்குள்ள சூரியன் மங்கலா இறங்குது. மொகுதூம் யோசிக்கவே இல்லை. பொறந்ததுலேர்ந்து எந்தப் பக்கம் தொழுதாரு? நம்ம பள்ளிவாசல் எந்தப் பக்கம் பார்க்குது? சூரியன் இறங்குற பக்கம்தானே! கையை நீட்டினாரு. "மேக்கே." ஈவன்சு அப்படியே வெட்டினாரு. மொகுதூம் குத்துபுவை மேக்கே பார்க்க வச்சு மண்ணைத் தள்ளிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டோம்னு வந்துட்டாரு.

ஆறு மாசம் போச்சு. கரித்துறையில மூட்டை தூக்குறாரு, அறையில மேக்கே பார்த்துத் தொழுறாரு. ஒரு நாளு ஏமன் நாட்டுலேர்ந்து முக்பில்னு ஒரு பெரியவரு, கடலைக் கரைச்சுக் குடிச்ச ஆளு, அந்த விடுதிக்கு வந்தாராம். மொகுதூம் தொழுது முடிக்கிற வரைக்கும் கதவோரமா நின்னு பார்த்தாரு.

"ஏம்ப்பா, அமெரிக்காவைப் பார்த்தா தொழுறே?"

மொகுதூமுக்குக் கோவம். "கிபிலா மேக்கேதானே?"

"உங்க ஊருக்கு மேக்கே. நீ மக்காவைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்துட்டியே, மகனே!" ஒரு ரொட்டியை நடு மேசையில வச்சாரு. "இது மக்கா. இதுக்குக் கெழக்கே உங்க ஊரு. வடமேக்கே, இந்தா, நாம." அங்கேர்ந்து ரொட்டியைத் தாண்டி விரலு அறையோட எதிர் மூலைக்குப் போச்சு. தெக்கும் கெழக்குமான மூலை.

மொகுதூம் அந்த ரொட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தாராம். "என் தொழுகை?"

"தெரியாமச் செஞ்சது. அல்லா ஏத்துக்குவான்."

"குத்துபு?"

எந்தக் குத்துபுன்னு முக்பிலுக்கு எப்படித் தெரியும்? அழுதுக்கிட்டே இவரு சொன்னாரு. அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஆறு மாசம் ஆயிருச்சு. உடம்பு கலைஞ்சிருக்கும். இனிமே தோண்டக் கூடாதுப்பா."

அன்னையிலேர்ந்து கண்ணு அசந்தா போதும், குத்துபு வந்துருவானாம். பனிக்குள்ள, முதுகைக் காட்டிக்கிட்டு, கடலைப் பார்த்து நிப்பானாம். வைய மாட்டான், கோவப்பட மாட்டான். "மச்சான், முன்னாடி ஒண்ணும் தெரியலையே. வெறும் தண்ணியா இருக்குதே"ன்னு மட்டும் கேப்பானாம். அவன் வைஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருக்கலாம்.

அப்ப நம்ம பக்கத்து ஆளுங்க வேலை பார்க்கிற கப்பல் ஒண்ணு வந்துச்சு. அதோட சாரங்கு கூப்பிடுறாரு: "மொகுதூம், ஏறுடா. ஊருக்குப் போயிரலாம். மீன் ஆணம் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

மொகுதூம் கப்பலைப் பார்த்தாரு. கல்லறைத் தோட்டம் இருக்கிற பக்கம் பார்த்தாரு. "அவன் முன்னாடி ஒண்ணும் தெரியலைங்கிறான் சாரங்கு. அவனை இப்படி நிக்க வச்சுட்டு நான் எப்படி வர்றது?"

வரலை. அதுக்கப்புறம் நாப்பது வருசம் உசுரோட இருந்தாரு, வரவே இல்லை.

அந்த நாப்பது வருசமும் நம்மளவங்க வர்ற கப்பல் ஒண்ணையும் விடாம துறைக்குப் போயி நிப்பாராம். இறங்கினவனுக்கு சலாம் சொல்லுவாரு, அடுத்த சொல்லு, "கிபிலா அந்தப் பக்கம்"னு கையை நீட்டுறதுதான். சாப்பிட்டியான்னு அதுக்கப்புறம்தான் கேப்பாரு. கேலி பண்ணினவங்களும் உண்டு. அந்த வேலியோரத்துல அப்புறம் எத்தனையோ மய்யித்து அடங்குச்சு. அரபி, சோமாலி, வங்காளி. ஒண்ணுகூடத் திசை தப்பலை. ஒவ்வொண்ணுக்கும் இவரே போயி நின்னு கையைக் காட்டினாரு.

ஊருக்குத் திரும்புறவங்க கிட்ட சொல்லி அனுப்புவாராம்: "தெரியும்னு நெனைச்சுராதீங்கடா. ஒரு தடவை கேளுங்க." இப்பவும் நம்ம ஊருல மய்யித்தைக் கபுறுக் குழியில இறக்குறதுக்கு முன்னாடி ஒருத்தரு, "கிபிலா எந்தப் பக்கம்?"னு சத்தமாக் கேக்குறாருல்ல? எல்லாரும் கையை நீட்டுறோம்ல? வெளியூருக்காரங்க, பள்ளிவாசல் கண்ணு முன்னாடி நிக்குது, இதைக் கேக்கணுமான்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

மொகுதூமுக்கும் நேரம் வந்துச்சு. ஈவன்சு போயி, அவரு மகன் குழி வெட்டுற காலம். அந்த மகனைக் கூப்பிட்டு விட்டுச் சொன்னாராம்: "குத்துபுவோட முகத்துக்கு நேரா எனக்கு இடம் போடுங்க. நான் கிபிலாவைப் பார்த்துப் படுத்துக்கிறேன். அவன் பார்க்கிற எடத்துல வெறும் தண்ணி வேண்டாம். என் முகம் இருக்கட்டும்."

அப்படியே வச்சாங்களாம். அந்த மூலையில எல்லாக் கபுறும் ஒரே வரிசை, ஒரே சாய்வு. ஒண்ணு மட்டும் கோணலா மேக்கே பார்க்கும், அதுக்கு எதிர்ல இன்னொண்ணு. நடுவுல ஒரு ஆளு படுக்கிற அளவுக்கு எடம் கெடக்குதாம். அங்க யாரையும் அடக்குறது இல்லை. புல்லு வெட்டுற வெள்ளைக்காரன்கூட அதுக்குள்ள காலு வைக்காம சுத்திக்கிட்டுத்தான் போவானாம். ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல யாராச்சும் போவாங்களா?