புகைப்புரையில பிடிச்ச பாட்டு

மக்கா, உள்ளதச் சொல்லணும், இதுல அப்படி என்னதான் இருக்குண்ணு இத்தன பேரும் பஸ்சு பிடிச்சு நாரோயிலு வரைக்கும் வந்திருக்கிய? இல்ல, குத்தமாச் சொல்லேல்ல. ஒனக்க சட்டையில ‘ஒட்டுப்பால்’ணு பேரு போட்டிருக்கே, அதப் பாத்துட்டுதான் கேக்கேன். ஒட்டுப்பால்ணா என்னாண்ணு தெரியுமா ஒனக்கு? ... அதான பாத்தேன்! ரப்பர் மரத்துல பால் வடிஞ்ச பெறவு பட்டையில ஒட்டிக் காஞ்சு கெடக்கும்லா, அத உரிச்சுச் சாக்குல கெட்டி வைப்பாவ. நாத்தம்ணா நாத்தம், ஒரு வீட்டுல வைக்க முடியாது. அதப் போயி பாட்டுக் கோஷ்டிக்குப் பேரா வச்சிருக்கானுவ. வச்சது வேற யாரு? என்னக் கெட்டுன மாப்பிள. அன்னா, ஸ்டேஜில வயர மிதிச்சிட்டு நிக்காவ பாரு, சுருட்ட முடி. வினோஜ்ணு பேரு. தொழிலு ஏசி ரிப்பேரு. மத்தது... அதத் தொழிலுண்ணு சொல்ல எனக்கு வாயி வராது.

டேய், அக்காவுக்க கம்மல இழுக்காத. கொஞ்சம் தள்ளி இரி மக்கா, பிடிச்சாம்னா விடமாட்டான். காதுல பஞ்சு வச்சுத்தான் கொண்டுவந்திருக்கேன், தகப்பன் பாட்டுல்லா.

அந்தப் ‘புகப்புர’ ரிக்கார்ட நீ எத்தன மட்டம் கேட்டிருப்ப? ... அம்மாடி! சோறு தின்னுகது உண்டா இல்லியா? அதுக்க கதய நான் சொல்லுகேன் கேளு. மழக்காலத்துல பால்வெட்டு கெடையாது. எங்க மாமா ரப்பர் ஷீட்டு தொங்கவிட்டுப் புக போடுத முறி, அதான் புகப்புர, அது சும்மாக் கெடந்து. செவரு பூரா கரி. அங்க வச்சுப் பாட்டுப் பிடிச்சா எதிரொலி கேக்காதுண்ணு எவனோ சொல்லியிருக்கான். மூணு பயலுவளும் உள்ள போயிக் கதவச் சாத்திட்டானுவ. எதிரொலி கேக்கல்ல, செரி. மேல தகரக் கூரயாச்சே, மழ பெஞ்சா என்னாவும்ணு ஒரு மண்டைக்காவது தோணிச்சா? வெளிய வரும்போ மூணு மூஞ்சியும் கரிச்சட்டி. மாமா பாத்துட்டு, “எவம்லே அது”ண்ணு கம்ப எடுத்துட்டாரு.

இப்பம் போன்ல அதுக்குக் கீழ ஆளுவ எழுதியிருக்கதப் பாக்கணும்! நான் ஒண்ணு விடாம வாசிப்பேன், பிள்ளைக்குப் பால் குடுக்கும்போ வேற என்ன ஜோலி? பெங்களூருக்காரன் ஒருத்தன் எழுதுகான், ‘பின்னணியில் ஓயாத அந்த இரைச்சல், ஒரு தலைமுறையின் கோபம்’ணு. கோவமா? மழ மக்கா! தகரத்துல மழ! இன்னொருத்தி, மூணாம் பாட்டுல இவியளுக்குத் தொண்ட ஒடையுத எடத்துல அழுதுட்டாளாம். அது நீர்க்கோவ. சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன், இவிய குடிக்கேல்ல. குடிச்சிருந்தா அந்தப் பிள்ள அழுதிருக்காண்டாம்.

ஏசுகவனும் உண்டு. குளச்சல்ல மீன்பிடி போட்டு வச்சிருக்க இஞ்ஞாசி அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னாரு, “வினோஜே, எனக்க இஞ்சின் மக்கர் பண்ணும்போ இதவிட நல்லாப் பாடும்டே”ண்ணு. இவியளுக்கு ஒரே சந்தோசம்! ஏசுனாத்தான் சந்தோசம் பாத்துக்க. ‘கொள்ளாம், அருமை’ண்ணு எவனாவது எழுதுனா, “எங்கயோ தப்பு பண்ணிட்டோம்”ணு மொகத்தத் தொங்கப் போடுவாவ. இந்த மாதிரி ஆளக் கெட்டிக்கிட்டு நான் எங்கயாக்கும் போயிச் சொல்ல?

ஒனக்கு எந்த எடம் பிடிக்கும்? ... சொல்லாண்டாம், தெரியும். கடைசிப் பாட்டுல ஒரு பொம்பள கெடந்து கத்துகது. எல்லாவனுக்கும் அதான்.

அது நாந்தான் மக்கா.

எதுக்கு இந்த முழி முழிக்க? ... நாந்தாம்ட்டி! பிள்ள பசிச்சுக் கரையுது, அடுப்புல பால் பொங்குது, மாடு அவுந்து மரச்சீனிய மேயுது. இவியள விளிச்சா விளி கேக்கல்ல. நனைஞ்சுட்டே போயிக் கதவ ஒத்தச் சவுட்டு சவுட்டிட்டு, வாயில வந்ததெல்லாம் ஏசுனேன். டிரம்மு அடிக்க பிபினப் பாத்து, “ஒனக்கெல்லாம் வீடு கெடையாதாலே?”ண்ணும் கேட்டேன். அதுக்கு ஒருத்தன், ‘வீடற்றவர்களின் குரல்’ணு எழுதியிருக்கான். பிபினுக்கு மாடி வீடு!

வெட்டி எடுங்கண்ணு அப்பமே சொன்னேன். மறுக்காப் பாடிப் பிடிக்கலாம்ணா, மழ வெறிச்சுப் போச்சு, இனி அந்தச் சத்தம் கிட்டாதாம். அப்படியே விட்டுட்டானுவ. இப்பம் மார்த்தாண்டம் சந்தையில மீனுக்கு வெல பேசுனா, ஒரு பய திரும்பிப் பாத்து, “அக்கா, நீங்கதான அது?”ங்கான். நான் பின்ன மீன எப்படி வெல கொறைக்க?

இன்னிக்கு மேடையில ஏறி அதயே ஏசணுமாம். காலப் பிடிக்காத கொறையாக் கேட்டாவ. மாட்டேண்ணுட்டேன். மாப்பிளய வீட்டுல வச்சு ஏசுகது மரியாத. ஊரக் கூட்டி வச்சு ஏசலாமா? எனக்க சித்தப்பா மொவ நந்தனா பாட்டு கிளாசுக்குப் போறா, அவள வைங்கண்ணு நாந்தான் சொன்னேன். அவியளும் செரிண்ணுட்டாவ. வண்டியில வரும்போதுதான் சொல்லுகாவ, “மொதல் மேடை. இதுவும் சிரிப்பாப் போச்சுண்ணா கிட்டார வித்துருவேன் சுபிதா, ஏசி மட்டும் போரும்”ணு. நல்லதாப் போச்சு, வீட்டுல சத்தம் கொறையும்ணு நான் சொல்லியிருக்கணும்லா? வாயி வரல்ல மக்கா. ஏசி நன்னாக்கிட்டு வரும்போ அந்த மொகம் இருக்கே... அது வேற மொகம்.

ச்சு, தொடங்கியாச்சு. கடைசிப் பாட்டு. இப்பம் அவ வருவா, கேளு.

... அய்யே! கேட்டியா? சுருதி சேத்துல்லா ஏசுகா! “பிள்ள கரையுதே”ண்ணு தாலாட்டுகாளே, மாடு அவுந்து போனா இப்படியா பாடுவாவ? சவுட்டிச் சொல்லுட்டி!

ஆளுவ சிரிக்காவளே... பின்னால ரெண்டு பேரு எந்திரிச்சாச்சு. பிபினு கம்பக் கீழ வச்சுட்டான். பாவம் அந்தப் பிள்ள, கண்ணு கலங்கிட்டு. அவள என்ன சொல்ல, கொண்டுவந்து நிறுத்துனது நாந்தான. இவிய எதுக்கு இங்க பாக்காவ? ஏசவும் மாட்டாவ, விளிக்கவும் மாட்டாவ, சும்மாப் பாக்காவ. அந்தக் கிட்டாருக்க கழுத்தத் தடவுகாவளே, இப்பமே வெல பேசி முடிச்ச மாதிரி...

ஏட்டி நந்தனா! மைக்கக் கீழ வைக்காத, நில்லு!

மக்கா, பிள்ள எடுத்துப் பழக்கம் உண்டா? ... இல்லாட்டா இன்னிக்குப் பழகு. இன்னா, ரெண்டு கையையும் நீட்டு. நான் எறங்கி வாறது வரைக்கும் இவன ஒண்ணு பிடிச்சுக்க.