சொந்த நாய் மீது மட்டும்

தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. பந்தய வாரிய ஆபீசில் இவ்வளவு நன்றாகத் தருவீர்கள் என்று நினைக்கவில்லை. என் மனைவி நோரீன் இன்னும் கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள். அவள் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள்.

விதியை நீங்கள் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நாய் வளர்ப்பவன் தன் நாய் ஜெயிக்கும் என்று பணம் கட்டலாம், தோற்கும் என்று கட்டக் கூடாது. நல்ல விதி. தன் நாய்க்கு எதிராகவே கட்டுகிறவனைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். என் மைத்துனன் மலக்கி அந்த ரகம். தடவிக் கொடுத்த கையாலேயே குழி பறிப்பான். அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்பதற்கே எனக்கு அருவருப்பு.

என் நாய் ரோஷீனை நோரீன்தான் அடுப்பங்கரையில் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். எங்கள் டிப்பெரேரி பக்கம் ஓட்டத்தில் அவளைப் பிடிக்க வேறு நாய் கிடையாது. அதுதான் சங்கடம். எல்லோரும் அவள் மீதே கட்டினால், ஜெயித்தாலும் கைக்கு என்ன வரும்? தொடர்ந்து தோற்ற நாய் ஜெயித்தால்தான் பல மடங்கு. அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தைய நாட்களில் அவள் முன்காலில் ஒரு விரலைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் போட்டு வைத்தேன். பந்தயத்தன்று காலையில் கழற்றிவிடுவேன். வலி மட்டும் நிற்கும், அவள் பின்தங்கிவிடுவாள். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மருந்து கொடுப்பவர்கள் கேடுகெட்டவர்கள்.

"என்ன மச்சான், உன் மகாராணி இன்னிக்கும் கடைசிதானா? பேசாம தோக்கும்னு கட்டு, நாலு காசு பாக்கலாம்" என்று மலக்கி இளித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"கால ஊனவே மாட்டேங்குறாளே, பாத்தியா?" என்றாள் நோரீன்.

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

போன சனிக்கிழமைப் பந்தயத்துக்கு வளையம் போடவில்லை. கையிலிருந்ததையெல்லாம் ரோஷீன் மீது கட்டினேன். ஜெயித்தாள். ஆனால் நோகும் விரலைக் காப்பாற்ற மற்றக் காலில் பாரம் போட்டு ஓடிப் பழகியிருந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டி அடுத்த வளைவில் அந்தக் கால் முறிந்துவிட்டது. வைத்தியர் அவளுக்குக் கடைசி ஊசி போடும்போது நோரீன் அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் பணம் வாங்கும் வரிசையில் நின்றேன். இடத்தை விட்டால் போய்விடும், இல்லையா?

விரலில் இருந்த தடத்தைக் கண்டுபிடித்தவள் நோரீன்தான். உங்களுக்குப் போன் செய்ததும் அவளாகத்தான் இருக்கும். "மலக்கியே தேவலடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வளையம் போட்டது நான்தான். ஆனால் என் நாய்க்கு எதிராக ஒரு காசு கட்டியதில்லை. புதுக் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதன் மீதும் ஜெயிக்கும் என்றுதான் கட்டுவேன்.