கரித்துண்டு வைக்காத பார்சல்

இரவு பத்தரை இருக்கும். தெருவிளக்கு ஒன்றுகூட இல்லாத மண் பாதை. ஒரு பக்கம் தென்னந்தோப்பு. மற்றப் பக்கம் கடல்... கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். அந்தப் பாதையால் ஒரு மனிதன் கையில் பொரித்த மீன் பார்சலோடு தனியே வருகிறான்.

சட்டியை இறக்கிவிட்டு எல்லாரும் கிட்ட வாருங்கள். நாளைத் திருவிழாவுக்குப் பொரித்த ரோல்ஸ் போதும். கோயில் மண்டபத்துக் குசினியில், இந்த எண்ணெய் மணத்துக்குள் சொல்ல இதைவிட வேறு கதை இல்லை. கதவுப் பக்கம் இருக்கிறவர்கள் அதைச் சாத்திவிடுங்கள். பயத்துக்கு இல்லை... குளிருக்கு.

இது பியற்றிசின் மச்சாள் கிளறிற்றாவுக்கு நடந்தது. பியற்றிசைத் தெரியும்தானே, பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாளே, அவள்தான். இன்றைக்கு ஏன் அவள் உதவிக்கு வரவில்லை என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். பொரியல் மணக்கிற இடத்துக்கு அவள் இப்போது இரவில் வருவதில்லை.

கிளறிற்றாவும் அவள் புருஷன் றஜீவும் ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே லண்டனில் பிளேஸ்டோவுக்கு வந்தவர்கள். நல்ல சோடி. கண்படுகிற மாதிரிச் சோடி. ஆனால் ஒருநாள் றஜீவின் போனில் ஒரு பெண்ணின் மெசேஜ்கள் அகப்பட்டன. "சாப்பிட்டாச்சா, நித்திரையா" என்ற அளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே இல்லை என்று அவன் மாதா படத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தான். கிளறிற்றா மன்னித்தாள். வாயால் மன்னித்தாள். மனம் கேட்கவேண்டுமே! அதற்குப் பிறகு அவன் சட்டையை மணந்து பார்க்காமல் அவள் ஒருநாளும் மெஷினுக்குள் போட்டதில்லை.

பாவம், அவனை விட்டுப் போகவும் அவளால் முடியாது, நம்பி இருக்கவும் முடியாது. எப்படியாவது இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் றஜீவ் மெக்சிக்கோவுக்கு டிக்கெட் போட்டான். ஒரு சின்னக் கடற்கரை ஊர். கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நாள் சும்மா இருந்தால் எல்லாம் சரிவரும் என்று நினைத்தான்.

சும்மா இருப்பதற்கென்றே கட்டிய ஊர் அது. ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. நடுத்தெருவில் நாய் படுத்திருந்தால் கார்தான் சுற்றிப் போகும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சடை வளர்த்துக்கொண்டு, தென்னைக்குத் தென்னை கட்டிய ஏணைகளில் பகல் முழுக்கக் கிடந்தார்கள். ஒருவன் கிதார் வாசிப்பான். ஒருத்தி மணலில் தலைகீழாக நின்று மூச்சுப் பயிற்சி செய்வாள். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டால் சிரிப்பார்கள். மதிலெல்லாம் பூவும் மண்டையோடுமாக வரைந்து வைத்திருந்தார்கள்.

யாருக்கும் பிடிக்கும் இடம்தான். கிளறிற்றா மட்டும், வெறுங்காலோடு அரையும் குறையுமாக உடுத்தித் திரிந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு புருஷனின் முகத்தைப் பார்த்தாள். உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, இவர் ஏன் இந்த ஊரைத் தேடிப் பிடித்தார்?

முதல்நாள் இரவு இருவரும் கடற்கரைக் கொட்டிலில் மீன் தின்றார்கள். காரம் போட்டு, தேசிக்காய் பிழிந்து, நல்ல முறுகல். மிச்சத்தைக் கட்டித் தரச் சொன்னார்கள். நம் ஆட்களுக்குத் தெரியும், இருட்டில் பொரியல் கொண்டுபோனால் பார்சலுக்குள் ஒரு கரித்துண்டு வைக்கவேண்டும். செபமாலை சொல்லுகிற வேதக்காரர்தான் நாங்கள், ஆனாலும் கரித்துண்டை விடமாட்டோம். கிளறிற்றா அடுப்பைக் கை காட்டிக் கேட்டு ஒரு துண்டு வாங்கி உள்ளே வைத்தாள். றஜீவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மெக்சிக்கோப் பேய்க்கு எங்கட சட்டம் தெரியுமோ?"

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த இரவு கிளறிற்றாவுக்குத் தலையிடி. றஜீவ் தனியே மீன் வாங்கப் போனான். கரி வைக்கச் சொல்லி அவள் சொல்லித்தான் விட்டாள். அவன் வைக்கவில்லை. திரும்பி வர நெடுநேரம் பிடித்தது. பார்சலைப் பிரித்தாள். மீன் பிய்ந்திருந்தது.

"ஆரோட இருந்து சாப்பிட்டனீங்கள்?"

"ஒருத்தரோடையும் இல்லையப்பா. ஒரு நாய் பின்னால வந்தது. ஒரு துண்டு பிச்சுப் போட்டன்."

"என்ன நிற நாய்?"

"நான் எங்க கண்டது? கும்மிருட்டு. மூச்சுத்தான் கேட்டது... முழங்காலுக்குக் கீழ. நாய்தானே."

நிறம் தெரியாத நாய்! விடிய அவள் எழும்பி வெளியே வந்தபோது, அவர்கள் தங்கியிருந்த கொட்டிலின் சீமெந்து விறாந்தையில் ஈரக் காலடிகள் இருந்தன. மனிதக் கால். சின்னக் கால், பொம்பிளைக் கால். ஐந்து விரலும் அச்சொட்டாகப் பதிந்திருந்தன. குதிக்கால் மட்டும் பதியவில்லை. நுனிக்காலில் களவாக வந்து, அவர்கள் படுத்திருந்த யன்னலுக்குக் கீழே நின்றிருக்கிறாள் ஒருத்தி.

கிளறிற்றாவுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த அடிகளைத் தன் காலாலேயே தேய்த்து அழித்தாள். றஜீவிடம் மூச்சு விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால்தானே நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கலாம்.

அதன் பிறகு ஒவ்வோர் இரவும் தலையிடி என்றாள். ஒவ்வோர் இரவும் அவன் போனான். ஒவ்வோர் இரவும் நாய் வந்தது என்றான். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னவன்... பிறகு சிரிக்கவில்லை.

"போட்டாத்தான் நிக்குது. போடாட்டிக் காலோட காலா வருது."

"திரும்பிப் பாக்கிறது!"

"பாக்க மனம் வரேல்லை, கிளறி."

கடைசி இரவு அவள் முன்கூட்டியே போய் அந்தப் பாதையில் ஒரு தென்னைக்குப் பின்னால் ஒளித்தாள். பத்தரை இருக்கும். றஜீவ் வந்தான். தனியே. பார்சலுக்குள் கை விட்டு ஒரு துண்டு பிய்த்தான். திரும்பாமலே பின்பக்கம் போட்டான். விறுவிறு என்று நடந்தான்.

அவன் கடந்து போனதும் அவள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பாதைக்கு வந்தாள். போட்ட மீன் அங்கே இல்லை. முள் மட்டும் கிடந்தது... நக்கித் துடைத்த மாதிரி. மண்ணில் அதே கால். விரல் ஐந்தும் ஈரமாக. குதிக்கால் இல்லை. அழுகின பாசியும் பழைய எண்ணெயும் சேர்ந்த ஒரு மணம்.

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். ஆனால் கிளறிற்றாவின் கண்ணுக்கு அங்கே பேய் தெரியவில்லை, சக்களத்திதான் தெரிந்தாள். இருட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"எடியே! ஒளிச்சு நிண்டு என்ர மனுசனைப் பிடிக்கிறியோ? துணிவிருந்தா என்ர வீட்டை வாடி! முகத்தைப் பாத்துக் கதைப்பம்!"

தோப்புக்குள் ஏதோ சரசரத்தது. நின்றது. பிறகு, நிலத்துக்கு மிகக் கிட்டவிருந்து, மெதுவாக ஒரு சத்தம்...

"ம்."

நாங்கள் ஒரு விஷயத்துக்குச் சம்மதம் சொல்லுவோமே, அந்த "ம்".

சத்தம் கேட்டு றஜீவ் ஓடி வந்து அவளை இழுத்துக்கொண்டு போனான். அடுத்தநாள் பிளைட். லண்டன் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அவளுக்கு எங்கட அட்ரஸ் குடுத்தனீங்களோ?"

வந்து சில கிழமை போனது. நவம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டும் காலம். றஜீவ் வேலையால் வந்து பேசாமல் சாப்பிட்டுப் பேசாமல் படுப்பான். பேசினால் சண்டை வரும் என்று பயம். அவளுக்கு அந்த மௌனமும் சந்தேகம். மனதில் ஒன்றைத் தீர்மானித்தாள். இன்னும் ஒரே ஒரு தரம் அவனைச் சோதிப்பது. பிடிபட்டால் பிரிவது. பிடிபடாவிட்டால்... இனி வாழ்நாளுக்கும் அந்தக் கதையை எடுப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்குப் போன் எடுத்தாள். "நான் பாட்டுப் பயிற்சிக்குப் போறன். வரப் பிந்தும்."

போகவில்லை. பாதி வழியில் திரும்பி, மழையில் நனைந்து, பின்கதவால் வீட்டுக்குள் வந்தாள். ஊறிப்போன சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்தாள். மேல்மாடியில் லைட் போடாமல் குந்தியிருந்தாள். அவள் இல்லை என்று நினைத்து அவன் யாரோடு கதைக்கிறான் என்று கேட்க வேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து றஜீவுக்கும் ஒரு யோசனை. அவளுக்குப் பிடிக்கும் என்று பொரித்த மீன் வாங்கிக்கொண்டு ஸ்டேசனில் இருந்து நடந்து வந்தான். எவ்வளவு அன்பு பாருங்கள். கரித்துண்டு வைக்க லண்டனில் யாருக்கு ஞாபகம் வரும்?

முன்கதவு திறந்த சத்தம் கேட்டது. உடனேயே அடித்துச் சாத்தின சத்தம். தாழ்ப்பாள். பிறகு பேச்சுமூச்சு இல்லை.

கிளறிற்றா மெல்ல இறங்கினாள். படி கிறீச்சிடக்கூடாது என்று நுனிக்காலில்... ஒவ்வொரு படியாக. கீழே அவன் கதவில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றான். கையில் பார்சல். போன் இல்லை. நெற்றி முழுக்க வியர்வை.

அந்த முகத்தைக் கண்டவுடன் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இவன் பொய் சொன்னவனே இல்லை. ஒருநாளும் இல்லை. இத்தனை காலம் நெஞ்சில் பிடித்து வைத்திருந்த கல் இறங்கியது. "இஞ்சேருங்கோ..." என்று வாய் திறக்கப் போனாள்.

அதற்குள் கதவில் கடிதம் போடுகிற பித்தளை மூடி அசைந்தது. அந்த வீட்டுக் கதவில் அது தாழ்வான இடத்தில் இருக்கிறது. மூடி மெல்ல உள்ளே தள்ளுப்பட்டது. பாசி மணம் வந்தது. பிறகு குரல்.

"வரச் சொன்னனீ. வந்திட்டன். முகத்தைப் பாத்துக் கதைப்பம்."

கிளறிற்றாவின் குரல். அதே கோபம், அதே இழுவை. றஜீவ் திடுக்கிட்டு விலகி, அப்போதுதான் படியில் நின்றவளைக் கண்டான். பாட்டுப் பயிற்சிக்குப் போன மனைவி, இருட்டுக்குள், தலைமயிர் சொட்டச் சொட்ட, சத்தமே இல்லாமல் இறங்கி வந்து நிற்கிறாள்.

வெளியே குரல் இளகியது. அழுதது.

"இஞ்சேருங்கோ, நான்தான். மழையில விறைக்குது. கதவைத் திறவுங்கோ... உள்ள நிக்கிறது நானில்லை."

"அது பொய்!" என்றாள் கிளறிற்றா. "நான் போகேல்லை. உங்களைப் பிடிக்கத்தான்... ஒளிச்சு இருந்தனான்."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. றஜீவ் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். அவள் இத்தனை காலமும் அவனைப் பார்த்த பார்வை அதுதான். அவன் கண் மெல்லக் கீழே இறங்கியது, அவள் வந்த படிகளுக்கு. படிப்பலகையில் ஈரக் காலடிகள். ஐந்து விரலும் அச்சொட்டாக. ஒன்றிலும் குதிக்கால் இல்லை.

அவன் தாழ்ப்பாளை இழுத்தான்.

அவ்வளவுதான் கதை. இப்போதும் றஜீவும் கிளறிற்றாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அவன் எங்கே போனாலும் அவள் ஒரு கேள்வி கேட்பதில்லை. நாளைக்குப் பூசைக்குக் கைகோத்துக்கொண்டு வருவார்கள், பாருங்கள். மீன் ரோல்ஸ் என்றால் அவளுக்கு உயிர்.

என்ன முழிக்கிறீர்கள்? கிளறிற்றா தென்னைக்குப் பின்னால் ஒளித்தது, படியால் இறங்கும்போது அவள் நெஞ்சுக்குள் இருந்தது எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே?

எனக்குச் சொன்னது பியற்றிஸ். ஒருநாள் இரவு அவள் இதே மாதிரி இந்தக் குசினியில் ரோல்ஸ் பொரித்துவிட்டு, ஒரு பார்சல் கட்டிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற தன் வீட்டுக்குத் தனியே நடந்து போனாள். வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். மழை. சற்று நேரத்தில் கடிதம் போடுகிற மூடி அசைந்தது. வெளியே கிளறிற்றா அழுதழுது, மெக்சிக்கோவில் தொடங்கி முழுவதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். முடிவில், "நீயாவது என்னை நம்பு மச்சாள், பசிக்குது" என்றாள்.

பியற்றிஸ் கதவைத் திறக்கவில்லை. நம்பாமல் இல்லை. ஆனால் அந்தக் குரல் வந்தது, முழங்காலுக்குக் கீழே இருந்து.